ஹாம்பர்க் துறைமுகக் கிடங்குப் பகுதியை ஒரே நாளில் பார்க்க: ஓதம் பார்த்துத் திட்டமிடும் முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பழைய செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும் ஷ்பைஷர்ஷ்டாட்டும், அதற்குத் தெற்கே கைவிடப்பட்ட கப்பல் துறைகளின் மீது எழுந்த ஹாஃபன்சிட்டியும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். ஆனால் ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துச் செல்லும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது, எதைப் பார்ப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருப்பதில்லை என்பதும், எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் நாள் வீணாகிறது என்பதும்தான். அந்த வரிசையை இங்கே நீரின் மட்டம் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஓதத்திலிருந்து, அதாவது கடலோடு சேர்ந்து நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதிலிருந்து தொடங்கி, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குகிறது.

1. முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். அதனால் நம்மில் பலருக்கு ஓதம் பார்த்துப் பயணம் திட்டமிடும் பழக்கமே இல்லை. ஹாம்பர்க் கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், எல்பே ஆற்றின் நீர்மட்டம் இங்கே நாளுக்கு இருமுறை மூன்றரை மீட்டருக்கும் அதிகமாக ஏறி இறங்குகிறது. காலையில் படகு போன வாய்க்காலில் பிற்பகலில் வெறும் சேறு தெரிவது இங்கு அன்றாடக் காட்சி.

கிடங்குகளுக்கு நடுவே ஓடும் குறுகிய வாய்க்கால்களை இங்கே ஃப்ளீட் என்பார்கள். தாழ் ஓதத்தில் அவற்றில் படகு தரைதட்டும். நீர் மிக உயர்ந்துவிட்டால் பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது. ஆகவே கிடங்குகளின் ஊடே செல்லும் படகுச் சவாரி உயர் ஓதத்தை ஒட்டிய சில மணி நேரத்துக்கு மட்டுமே கிடைக்கும். இந்த ஒன்றைத் தவறவிட்டால், மற்றவை எல்லாம் சரியாக அமைந்தாலும் இந்த இடத்தின் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். ஏனெனில் இக்கிடங்குகள் ஒரு முகம் தெருவையும் மறு முகம் நீரையும் நோக்கும்படி கட்டப்பட்டவை.

அட்டவணையில் பார்க்க வேண்டிய அளவுநிலையத்தின் பெயர் சாங்க்ட் பவுலி. ஜெர்மனியின் கடல்சார், நீரியல் துறை அலுவலகம் ஒவ்வொரு நாளுக்கும் உயர் ஓத நேரத்தையும் தாழ் ஓத நேரத்தையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை வாசிக்கும்போது மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

ஒன்று, உயர் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று நண்பகலில் உயர் ஓதம் என்றால் ஒரு வாரம் கழித்து அதே நண்பகலில் ஏறத்தாழத் தாழ் ஓதமாக இருக்கும். ஆகவே போன வாரம் வந்துபோன நண்பர் சொன்ன நேரம் உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டு, இங்கே நீர் ஏறுவதும் இறங்குவதும் சமமான வேகத்தில் நடப்பதில்லை. ஏற்றம் சுமார் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். வடிவதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீர் மெதுவாக வடியும் பக்கத்தில் சற்று அவகாசம் இருப்பதால், உயர் ஓதம் கடந்து ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படும் படகையே நான் பரிந்துரைப்பேன்.

மூன்று, அட்டவணை வானியல் கணக்கின்படி அமைந்தது. வடமேற்கிலிருந்து பலத்த காற்று வீசினால் உண்மையான மட்டம் அதைவிட உயரும். அதற்காகத்தான் முந்தைய நாள் மாலையில் ஒருமுறை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

காலை பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் உயர் ஓதம் வரும் நாள் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நடை, படகு, உணவு, மாலை என்று எல்லாம் இயல்பாக ஒன்றன்பின் ஒன்றாக அமையும். வேறு வழியின்றி காலை எட்டு மணி உயர் ஓத நாளில் வர நேர்ந்தால், இந்த வழிகாட்டியின் வரிசையை மாற்றிப் படகிலிருந்தே நாளைத் தொடங்குங்கள்.

திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. சுங்க அருங்காட்சியகம் உட்படச் சில இடங்கள் அன்று மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி முழுவதும் கடைகள் மூடியிருக்கும் என்பதால், தண்ணீர்ப் போத்தலோ குழந்தைக்கு வேண்டியதோ வாங்க நினைத்தால் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். உணவகங்களும் படகுகளும் ஞாயிற்றுக்கிழமையும் இயங்கும்.

இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் முடியும் வரை புயல்வெள்ளம் வரக்கூடும். ஷ்பைஷர்ஷ்டாட் நகரின் பிரதான வெள்ளத்தடுப்பு அரணுக்கு வெளியே கிடக்கிறது. எச்சரிக்கை விடுக்கப்பட்டால் அதன் தெருக்களிலும் நீர் ஏறும். 1976 சனவரியில் நீர்மட்டம் 6.45 மீட்டர் வரை உயர்ந்தது. அதனால்தான் ஹாஃபன்சிட்டியின் புதிய கட்டடங்கள் கடல்மட்டத்துக்கு எட்டு மீட்டருக்கு மேல் உயர்த்தப்பட்ட மேடைகளில் நிற்கின்றன. அங்கு நடக்கும்போது கீழ்த்தளக் கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் கனத்த எஃகுக் கதவுகள் மடக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். வெள்ளம் வந்தால் இழுத்து மூடுவதற்கானவை அவை. எச்சரிக்கை உள்ள நாளில் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

3. எதை முன்பதிவு செய்வது, எதைச் செய்யக் கூடாது

முன்பதிவு கட்டாயம் தேவைப்படுவது மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாபெரும் பொம்மை ரயில் உலகத்துக்கு மட்டுமே. நேரம் குறித்த நுழைவுச்சீட்டு என்பதால், விடுமுறை நாளில் நேரில் போய் நின்றால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதோடு, உள்ளே மூன்று மணி நேரமாவது போய்விடும். குழந்தைகள் இருந்தால் அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நாள் திட்டத்துக்குள் திணித்தால் ஓத நேரம் கைநழுவும்.

எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கின் பிளாசா என்னும் பார்வைத் தளத்துக்குச் சிறு கட்டணத்தில் முன்பதிவு செய்யலாம். கோடை வாரயிறுதியில் மாலை நேரம் வேண்டுமென்றால் அந்தக் கட்டணம் தகும். மற்ற நாள்களில் நேரில் போயே அனுமதிச்சீட்டு பெறலாம்.

படகுச் சீட்டு விஷயத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: காலையிலேயே பணம் கட்டாதீர்கள். இணையத்தில் விற்கும் பொதுவான துறைமுகச் சுற்றுச் சீட்டுகள் பலவும் எந்த நேரத்துக்கும் செல்லும் என்பதால், தாழ் ஓதத்தில் ஏறியவர் கிடங்குப் பக்கமே போகாமல் பெரிய கப்பல்களை மட்டும் பார்த்துத் திரும்புவார். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். விற்பவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், வாங்கியவர் கேட்டிருக்க மாட்டார்.

4. பயணச்சீட்டும் நிலையங்களும்

ஹாம்பர்க் போக்குவரத்து அமைப்பான எச்.வி.வி.யின் ஒரு நாள் சீட்டு வாங்குங்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கும் நாள் சீட்டு முழுநாள் சீட்டைவிட மலிவு. ஐந்து பேர் வரை செல்லும் குழுச் சீட்டும் உண்டு. இந்தச் சீட்டிலேயே ஆற்றுப் பயணிகள் படகுகளும் அடங்கும் என்பதுதான் நாள் சீட்டு வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம்.

நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையா. அதனால் சீட்டு தேவையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள், சீட்டில்லாவிட்டால் அபராதம் 60 யூரோ. வண்டியில் ஏறும் முன்பே சீட்டு கையில் இருக்க வேண்டும்.

நிலையங்களின் பெயர்கள் புதியவர்களைக் குழப்பும். கிழக்கு மூலையில் யு1 மெட்ரோ ரயில் தடத்தின் மெஸ்பெர்க், மேற்கு மூலையில் யு3 தடத்தின் பவும்வால், ஹாஃபன்சிட்டியின் உள்ளே யு4 தடத்தின் யூபர்சேக்வார்ட்டியர், ஹாஃபன்சிட்டி யூனிவர்சிட்டேட், எல்ப்ப்ரூக்கன் ஆகிய மூன்று. வரைபடச் செயலியில் ‘ஹாஃபன்சிட்டி’ என்று மட்டும் தட்டினால் அது உங்களை நடுவில் எங்கோ கொண்டுபோய் இறக்கிவிடும். நிலையத்தின் பெயரையே குறிப்பிட்டுத் தேடுங்கள்.

5. உடை, காலணி, சில்லறை

ஷ்பைஷர்ஷ்டாட்டின் தெருக்களில் பெரும்பகுதி கற்கள் பாவியது. உயர்ந்த குதிகால் செருப்பும், பட்டுப்புடவைக்கு ஏற்ற மெல்லிய செருப்பும் ஒரு மணி நேரம்கூடத் தாங்கா. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் கிடங்குத் தெருக்களைக் குறைத்து, ஹாஃபன்சிட்டியின் சமதளப் பாதைகளில் நேரத்தைச் செலவிடுங்கள்.

குடையைவிடத் தலைமூடி உள்ள காற்றுத்தடுப்பு மேற்சட்டை பயன்படும். ஆற்றங்கரைக் காற்று குடையைத் திருப்பிவிடும். பொதுக் கழிப்பறைகள் பலவற்றுக்குக் காசு போட வேண்டியிருப்பதால் சில்லறை நாணயங்கள் வைத்திருங்கள்.

6. கிழக்கிலிருந்து நடையைத் தொடங்குங்கள்

எல்லோரும் பவும்வாலில் இறங்கி இசையரங்கை நோக்கி நடக்கிறார்கள். நான் எதிர்த்திசையைச் சொல்கிறேன்: யு4 தடத்தின் கடைசி நிலையமான எல்ப்ப்ரூக்கன் வரை சென்று, அங்கிருந்து மேற்கு நோக்கி வாருங்கள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கூட்டம் மேற்கில் சேரும் நேரத்தில் நீங்கள் கிழக்கில் இருப்பீர்கள். புதியதிலிருந்து பழையதை நோக்கி நடப்பதால், கிடங்குகளைக் கண்டபின் புதிய கட்டடங்கள் சப்பென்று தோன்றும் சங்கடமும் இல்லை.

எல்ப்ப்ரூக்கன் நிலையத்தின் மேல்தளத்திலிருந்து ஆற்றுப் பாலங்களைப் பாருங்கள். அருகில் நிற்கும் எல்ப்டவரின் கட்டுமானம் 2023இல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் நின்றுபோனது. இத்தகைய பெருந்திட்டங்கள் எல்லாம் வரைபடத்தில் கண்டபடியே முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

முதியவர்கள் உடனிருந்தால் ஒரு நிலையம் முன்னதாக, ஹாஃபன்சிட்டி யூனிவர்சிட்டேட்டில் இறங்குங்கள். நடைமேடைக்கு மேல் கப்பல் சரக்குப் பெட்டியின் அளவுள்ள 12 விளக்குப் பெட்டிகள் தொங்குகின்றன. அவை நிறம் மாறும்போது தரையும் சுவரும் சேர்ந்து நீலத்திலிருந்து சிவப்புக்கு நகரும். ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டி வரும் வரை நின்று பார்த்தால் போதும்.

அடுத்து லோசெ பூங்கா. அதனுள் இருக்கும் ஹனோவர் ரயில்நிலைய நினைவிடம், 1940 முதல் 1945 வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களும் சிந்தி, ரோமா என்னும் ஐரோப்பியச் சிறுபான்மை இனத்தவரும் நாடுகடத்தப்பட்ட இடம். புல்வெளியில் அமர்ந்து கட்டுச்சாதம் சாப்பிடலாம்; நினைவிடத்தின் எல்லைக்குள் வேண்டாம். எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அமருங்கள், ஏனெனில் பார்வைக்கு அது பூங்காவின் ஒரு பள்ளம்போலவே இருக்கும்.

7. கிடங்குகளுக்குள் நுழைதல்

பூங்காவிலிருந்து வடமேற்கே வந்தால் 1879இல் கட்டப்பட்ட பழைய கிடங்கில் இயங்கும் சர்வதேசக் கடல்சார் அருங்காட்சியகம் எதிர்ப்படும். பல தளங்கள் கொண்ட அதைப் பார்க்க அரை நாள் வேண்டும். ஒரு நாள் திட்டத்தில் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே சரி. உள்ளே போக ஓர் இடம் வேண்டுமென்றால் சுங்க அருங்காட்சியகத்தையோ, கிடங்குத் தொழிலாளர்களின் கருவிகளை வைத்திருக்கும் ஷ்பைஷர்ஷ்டாட் அருங்காட்சியகத்தையோ தேர்ந்தெடுங்கள், இரண்டும் சிறியவை. நறுமணப் பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் இப்பகுதியில் உண்டு. ஏலக்காயையும் மிளகையும் பார்க்கக் காசு கொடுப்பதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள் என்பதால் நான் அதைக் கடந்தே போகிறேன்.

கிடங்குகளைப் பார்க்கும்போது கண்ணை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். கூரை முகட்டின் கீழ் செப்புத் தகடு வேய்ந்த சிறு மூடாக்கு துருத்திக்கொண்டிருக்கும், அதனுள் பாரந்தூக்கி. அதற்கு நேர் கீழே தளத்துக்கு ஒன்றாகக் கதவுகள். அதற்கும் கீழே, நீரைத் தொடும் சுவரில் கரும்பச்சைப் பாசிக்கோடு. அந்தக் கோட்டுக்கும் இப்போதைய நீருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே ஓதம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். படகுக்குக் கிளம்பும் முன் அட்டவணையை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீருக்கு இறங்கும் படிகளில் கால் வைக்காதீர்கள். சில மணி நேரத்துக்கு முன்பு நீருக்கடியில் இருந்தவை அவை. காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் பாசி வழுக்கும். சாலையோரத்தில் சிவப்புக் கல் பாவிய பட்டை மிதிவண்டிப் பாதை. அதில் நின்று படம் எடுத்தால் மணியோசையும், அதைத் தொடர்ந்து வசவும் கேட்கும்.

தெருவிலிருந்து மேலேறி, கிப்பல்ஸ்டேக் என்னும் உயர்நடைபாலத்தில் ஒரு முறை கடந்து பாருங்கள். வெள்ளக் காலத்தில் ஹாஃபன்சிட்டியைப் பழைய நகரோடு இணைக்கும் வழியாக அமைத்த பாலம் இது. இரு பக்கமும் வாய்க்கால்கள் நீள வாக்கில் தெரியும்.

8. படகு

பார்காஸ என்று அழைக்கப்படும் தாழ்வான சிறு படகுகளே ஃப்ளீட்டுக்குள் நுழையும். இரண்டடுக்குச் சுற்றுலாக் கப்பல் எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் அதில் ஏறாதீர்கள். அது பாலத்துக்கு அடியில் போகாது. பெரும்பாலான படகுகள் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறையிலிருந்து புறப்படும், சில பவும்வால் பக்கமிருந்தும் போகும்.

சீட்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் படகு இப்போது ஷ்பைஷர்ஷ்டாட்டுக்குள் போகுமா? ஜெர்மன் தெரியாவிட்டால், “ஃபாரன் வீர் டுர்ஷ் டீ ஷ்பைஷர்ஷ்டாட்?” என்று கேளுங்கள். ‘யா’ என்றால் பணம் கொடுங்கள். ‘நீருக்கு ஏற்றபடி’ என்று இழுத்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள் அல்லது அடுத்த சாளரத்துக்குப் போங்கள்.

விளக்கவுரை பெரும்பாலும் ஜெர்மனில்தான். ஆங்கிலச் சுற்று நாளுக்கு ஓரிரு முறை இருந்தாலும் அதன் நேரம் ஓதத்தோடு பொருந்தினால் மட்டும் அதைத் தேடுங்கள். புரியாத விளக்கத்தோடு வாய்க்கால்களைப் பார்ப்பது, புரிந்த விளக்கத்தோடு பார்க்காமல் விடுவதைவிட மேல்.

9. உணவு

வார நாள்களில் நண்பகல் முதல் இரண்டு மணி வரை, அலுவலக ஊழியர்களுக்கான மதியச் சாப்பாடு பல உணவகங்களில் குறைந்த விலையில் கிடைக்கும். இரண்டரை மணிக்குப் போனால் அதே தட்டுக்குக் கூடுதல் விலை. மீன் சாப்பிடுபவர்களுக்குத் துறையில் ஃபிஷ்ப்ரோட்ஷன் என்னும் மீன் ரொட்டி. அதிலுள்ள ஹெரிங் பெரும்பாலும் சமைத்ததல்ல, ஊறவைத்தது என்பதை அறிந்து வாங்குங்கள். சைவர்களுக்கு எந்த ரொட்டிக்கடையிலும் கிடைக்கும் ஃப்ரான்ஸ்ப்ரோட்ஷன் உண்டு. வெண்ணெயும் இலவங்கப்பட்டையும் சேர்ந்த அதற்குச் சூடான காப்பி நல்ல துணை.

படகில் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம் என்பது ஒன்றுதான் இங்கே வரிசை சார்ந்த விதி.

10. பிளாசாவும் ஆற்றுப் பயணிகள் படகும்

எல்ப்ஃபில்ஹார்மோனியின் நுழைவாயிலில் 82 மீட்டர் நீளமுள்ள, வளைந்த நகரும் படிக்கட்டு இருக்கிறது. தொடக்கத்திலிருந்து முடிவு தெரியாது. மேலே 37 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் காற்று அறையும் என்பதால் தொப்பியையும் துப்பட்டாவையும் முன்பே பிடித்துக்கொள்ளுங்கள்.

கதிரவன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டு இங்கு வாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சூன் மாதத்தில் அது இரவு பத்து மணியை நெருங்கும். டிசம்பரில் பிற்பகல் நான்கு. ஆகவே கோடையில் முதலில் பயணிகள் படகு, பிறகு பிளாசா; குளிர்காலத்தில் முதலில் பிளாசா, இருட்டும் முன் படகு.

பிளாசாவிலிருந்து லாண்டுங்ஸ்ப்ரூக்கனுக்கு 72 எண் படகில் போகலாம். அது இல்லாத நேரத்தில் கால்மணி நேர நடை. நடப்பவர்கள் கீழ்ச்சாலையை விட்டு, சாஹா ஹதீத் நிறுவனம் வடிவமைத்த வெள்ளத்தடுப்புச் சுவரின் மேல்பாதையில் செல்லுங்கள். பார்வைக்கு உலாவும் இடம், உண்மையில் நகரின் அரண்.

லாண்டுங்ஸ்ப்ரூக்கனின் மேடைகள் நீரில் மிதப்பவை. தாழ் ஓதத்தில் அவற்றுக்கு இறங்கும் பாலங்கள் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். சக்கர நாற்காலி தள்ளுபவர்கள் அந்த நேரத்தைத் தவிருங்கள். துறையின் கிழக்கு முனைக் கோபுரத்திலேயே நீர்மட்டக் காட்டி இருக்கிறது.

மூன்றாம் மேடையிலிருந்து 62 எண் படகில் ஃபின்கன்வேர்டர் வரை போய்த் திரும்புங்கள். நாள் சீட்டே போதும் என்பதால், பக்கத்தில் கூவி விற்கும் துறைமுகச் சுற்றுக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. சரக்குப் பெட்டிக் கப்பல்களும் கப்பல் செப்பனிடும் துறைகளும் வழியிலேயே தெரியும். ஃப்ளீட்டுக்குள் மட்டும் இது போகாது. அதற்காகத்தான் எட்டாம் படி.

11. இருட்டிய பின்

லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் யு3 ஏறி ஒரு நிலையம் தள்ளி பவும்வாலில் இறங்குங்கள். தடம் உயரத்தில் ஓடுவதால், நீர்ப்பக்கம் அமர்ந்தால் துறை முழுவதும் தெரியும். அங்கிருந்து கிழக்கு நோக்கிக் கிடங்குகளின் ஊடே நடந்தால், விளக்கேற்றப்பட்ட சுவர்களைப் பார்த்தபடி பொக்கன்மூலன் பாலத்தை அடையலாம். இரண்டு வாய்க்கால்கள் பிரியும் முனையில் நிற்கும் வாசர்ஷ்லோஸ் கட்டடத்தை எல்லோரும் படம் எடுக்கும் இடம் அதுதான். முழு இருளைவிட, வானில் நீலம் மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் படம் நன்றாக வரும்.

பாலம் குறுகலானது. முக்காலி வைப்பவர்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி வையுங்கள். படம் எடுத்து முடித்ததும் பவும்வாலுக்குத் திரும்பி நடக்காதீர்கள். மெஸ்பெர்க் நிலையம் அங்கிருந்து சில நிமிட நடைதான், யு1 வண்டி நேராக ஹாம்பர்க் மத்திய ரயில்நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.